உயிரோடு இருந்தவருக்கு அஞ்சலி: கோல் காப்பாளர் ரிக்கார்டோ ஸமோராவின் வாழ்க்கை

1936ஆம் ஆண்டின் கோடைகாலம். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அப்போது ஒரு மரணச் செய்தி நாடெங்கும் பரவியது. நாட்டின் மிகப் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரரான கோல் காப்பாளர் ரிக்கார்டோ ஸமோராவை மாட்ரிட்டில் குடியரசு ஆதரவு ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பதே அந்தச் செய்தி. கிளர்ச்சி செய்த இராணுவத்தின் பக்கம் நின்ற பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. எதிர்த் தரப்பின் கொடூரத்துக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று எழுதின. அவருடைய ஆன்மா சாந்தியடையத் திருப்பலிகளும் நடந்ததாகச் சொல்லப்படுகிறது.

அந்த நேரத்தில் ஸமோரா உயிரோடுதான் இருந்தார்.

நான் விளையாட்டுச் செய்தியாளர் அல்ல. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, போர்க்காலப் பிரசாரம் பற்றி வாசிக்கப் போன இடத்தில்தான் இந்த மனிதரை அறிந்தேன். அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பது அப்போது என் அக்கறையாக இருக்கவில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் மரணம் எப்படிச் செய்தியாகிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பதே என் கேள்வி. பிறகு அவருடைய வாழ்க்கையை முழுதாக வாசித்தேன். அதில் இன்னொரு கேள்வியும் இருந்தது. போரிலிருந்து ஒருவர் உயிர் தப்புகிறார். அவரைத் தப்ப வைத்த மனிதர்கள் தப்பவில்லை. அந்தக் கடனை யார், எப்படி நினைவில் வைத்திருப்பது?

மருத்துவராக வேண்டிய பையன்

ரிக்கார்டோ ஸமோரா 1901 ஜனவரி 21 அன்று பார்சலோனாவில் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டும் என்பது வீட்டின் விருப்பம். மகனுக்கோ பந்தில்தான் கண். 1916இல், 15 வயதில், எஸ்பான்யோல் கழகத்தின் முதல் அணியில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார்.

பார்சலோனா நகரத்தில் அன்றும் இன்றும் இரண்டு பெரிய கழகங்கள். ஒன்று எஸ்பான்யோல், மற்றது எப்சி பார்சலோனா. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது அந்த ஊரில் இலகுவில் மன்னிக்கப்படாத காரியம். ஸமோரா அதை இரண்டு தடவை செய்தார். 1919இல் எஸ்பான்யோல் நிர்வாகத்தோடு முரண்பட்டு பார்சலோனாவுக்குப் போனார். அங்கே ஜோசப் சமித்தியரோடு சேர்ந்து 1920இலும் 1922இலும் ஸ்பானியக் கிண்ணத்தை வென்றார். பின்னர் மீண்டும் எஸ்பான்யோலுக்கே திரும்பினார். சமித்தியர் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் மறுபடியும் வருவார், ஆனால் வேறொரு நாட்டில்.

1920இல் ஸ்பெயின் முதன்முதலாக ஒரு தேசிய அணியை உருவாக்கி பெல்ஜியத்தில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்கு அனுப்பியது. அந்த அணியின் முதலாவது ஆட்டம் ஓகஸ்ட் 28 அன்று டென்மார்க்குடன் நடந்தது. 19 வயது ஸமோரா ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. ஸ்பெயின் 1-0 என வென்றது. அந்தப் போட்டித் தொடர் முடியும்போது வெள்ளிப் பதக்கம் ஸ்பெயினுக்குக் கிடைத்தது.

அதே தொடரில் இத்தாலியுடனான ஆட்டத்தில் எதிரணி வீரரைத் தாக்கியதற்காக ஸமோரா மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒலிம்பிக் முடிந்து திரும்பும் வழியில் ஹவானாச் சுருட்டுகளைக் கடத்தியதற்காகப் பிடிபட்டு அபராதம் கட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. நிறையப் புகைப்பவர், கொன்யாக் குடிப்பவர், நல்ல உடை உடுத்துபவர், இரவு வாழ்க்கையை விரும்புபவர். நாயகர்களின் வரலாற்றை எழுதும்போது இப்படியான பகுதிகளை வெட்டிவிடும் பழக்கம் எல்லா மொழிகளிலும் இருக்கிறது. ஸமோராவை அப்படி வெட்டித் திருத்த முடியாது. அவரை மக்கள் நேசித்ததற்கு இவையும் காரணம்.

தெய்வீகமானவர்

அவருடைய பட்டப்பெயர் எல் டிவினோ. தெய்வீகமானவர் என்று பொருள். துணித் தொப்பியும், கழுத்தை மூடிய கம்பளிச் சட்டையும் அணிந்துதான் மைதானத்துக்குள் வருவார். வெயிலில் கண் கூசாமல் இருக்கத் தொப்பி, தரையில் விழும்போது உடம்பு உரசாமல் இருக்கச் சட்டை. பிறகு ஐரோப்பாவில் எத்தனையோ கோல் காப்பாளர்கள் அதே கோலத்தில் நின்றார்கள். கையுறை போட்டுப் பந்து பிடிக்கும் வழக்கம் பரவாத காலம் அது. ஈரத்தில் நனைந்த கனமான தோல் பந்தை உள்ளங்கையால் பிடிப்பது கடினம். ஸமோரா சில வேளைகளில் முன்னங்கையையும் முழங்கையையும் கொண்டு பந்தை அடித்து விலக்குவார். அந்த உத்திக்கு ஸ்பானிய மொழியில் அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் அதை ஸமோரானா என்கிறார்கள்.

1929ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் பெரிய ஆண்டு. பெப்ரவரியில் வலென்சியாவில் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. கொட்டும் மழையில், சேற்றில், எஸ்பான்யோல் 2-1 என ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்தது. ஸ்பானியர்கள் இன்றும் அதைத் தண்ணீர் இறுதிப் போட்டி என்றே அழைக்கிறார்கள். மே 15 அன்று மாட்ரிட்டில் ஸ்பெயின் இங்கிலாந்தைச் சந்தித்தது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இருந்து எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை வென்றதில்லை. முதலில் இரண்டு கோல்களால் பின்தங்கிய ஸ்பெயின் கடைசியில் 4-3 என வென்றது. நெஞ்செலும்பு முறிந்த நிலையிலும் ஸமோரா அந்த ஆட்டத்தில் தொடர்ந்து நின்றார் என்று சொல்வார்கள்.

இங்கிலாந்து அதை மறக்கவில்லை. 1931 டிசம்பரில் லண்டனின் ஹைபரி மைதானத்தில் திருப்பிக் கொடுத்தது: 7-1. ஐரோப்பாவின் சிறந்த கோல் காப்பாளர் என்று எதிர்பார்க்கப்பட்டவர் ஏழு தடவை வலையிலிருந்து பந்தை எடுத்தார். அந்த நாளை அவருடைய புகழ் தாங்கிக்கொண்டது என்பதே அந்தப் புகழின் அளவைச் சொல்கிறது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1930இல், ரியல் மாட்ரிட் அவரை வாங்கியிருந்தது. ஒரு லட்சம் பெசெட்டாவுக்குக் குறையாத அந்தத் தொகை அன்றைய ஸ்பெயினில் கேள்விப்படாதது. மாட்ரிட்டில் அவருக்கு முன்னால் சிரியாக்கோ, கின்கோசெஸ் என்ற இரு தடுப்பாட்டக்காரர்கள் நின்றார்கள். 1931-32 பருவத்தில் அந்த அணி 18 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. வாங்கிய கோல்கள் 15 மட்டுமே. அடுத்த பருவத்திலும் அவர்களே சம்பியன்.

இதற்கிடையில் நாட்டின் அரசியல் மாறியிருந்தது. 1931 ஏப்ரலில் மன்னர் நாட்டை விட்டு வெளியேற, ஸ்பெயின் குடியரசானது. ரியல் என்றால் அரசுக்குரியது என்று பொருள். ஆகவே கழகம் பெயரிலிருந்த அந்தச் சொல்லையும் சின்னத்திலிருந்த முடியையும் நீக்கிவிட்டு வெறும் மாட்ரிட் கழகமானது. குடியரசின் முதல் ஜனாதிபதியின் பெயர் நிசெத்தோ அல்கலா ஸமோரா. ஸ்பெயினின் ஜனாதிபதி ஸமோரா என்று கேட்ட ஸ்டாலின், அந்தக் கோல் காப்பாளரா என்று விசாரித்ததாக ஒரு நகைச்சுவைக் கதை உலாவியது. கதை உண்மையோ பொய்யோ, எந்த ஸமோராவை உலகம் அதிகம் அறிந்திருந்தது என்பதை அது காட்டுகிறது.

புளோரன்ஸ், 1934

1934 உலகக் கிண்ணம் முசோலினியின் இத்தாலியில் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஸ்பெயின் 3-1 எனப் பிரேசிலை வெளியேற்றியது. பிரேசிலின் வால்டெமார் டி பிரித்தோ அடித்த பெனால்டியை ஸமோரா தடுத்தார். இந்த டி பிரித்தோதான் பல ஆண்டுகளுக்குப் பின் பெலே என்ற சிறுவனைக் கண்டெடுத்து சான்டோஸ் கழகத்துக்கு அழைத்துச் சென்றவர்.

மே 31 அன்று புளோரன்ஸ் நகரில் கால் இறுதி. எதிரணி இத்தாலி. ஸ்பெயின் முதலில் கோல் போட்டது. இத்தாலி சமன் செய்தபோது ஸமோராவை ஓர் இத்தாலிய வீரர் மறித்துத் தடுத்திருந்தார் என்பது ஸ்பானியர்களின் முறைப்பாடு. நடுவர் கோலை ஏற்றுக்கொண்டார். மேலதிக நேரத்திலும் ஆட்டம் 1-1. அந்தக் காலத்தில் பெனால்டி உதைத்துத் தீர்ப்பு எடுக்கும் முறை இல்லை. மறுநாளே திரும்ப ஆட வேண்டும். அடிபட்ட ஸமோராவால் மறுநாள் களமிறங்க முடியவில்லை. மொத்தம் ஏழு பேரை ஸ்பெயின் மாற்ற வேண்டியிருந்தது. இத்தாலி 1-0 என வென்று, பின்னர் கிண்ணத்தையும் எடுத்தது. மறு ஆட்டத்தின் நடுவரான சுவிட்சர்லாந்துக்காரர் ரெனே மெர்செ தன் நாட்டுச் சங்கத்தாலேயே இடைநிறுத்தப்பட்டார்.

தோற்றுத் திரும்பிய ஸமோராவுக்கு நாட்டில் கிடைத்தது வெற்றியாளருக்கான வரவேற்பு. அதே ஆண்டில் ஜனாதிபதி அல்கலா ஸமோரா அவருக்குக் குடியரசின் விருதை வழங்கினார். இந்த விருதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு விருது அவருக்கு வரும்.

புழுதிக்குள் ஒரு பந்து

1936 ஜூன் 21. வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் கிண்ண இறுதிப் போட்டி. மாட்ரிட் கழகமும் பார்சலோனாவும் மோதின. மாட்ரிட் 2-1 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பார்சலோனாவின் எஸ்கோலா மிக அருகிலிருந்து பந்தைக் கோலின் மூலையை நோக்கி அடித்தார். 35 வயது ஸமோரா பாய்ந்தார். கோல் வாயிலில் புழுதி எழும்பி எல்லாவற்றையும் மூடியது. கோல் என்று பலர் நினைத்தார்கள். புழுதி அடங்கியபோது பந்து ஸமோராவின் கைகளில் இருந்தது. அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படம் ஸ்பானிய உதைபந்தாட்டத்தின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்று.

மாட்ரிட் கழகத்துக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். நான்கு வாரம் முடிவதற்குள், ஜூலை 17 அன்று, மொரோக்கோவில் இருந்த ஸ்பானிய இராணுவம் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தது. மறுநாள் கிளர்ச்சி ஸ்பெயினின் நிலப்பரப்புக்கும் பரவியது.

அந்த இறுதிப் போட்டியோடு தொடர்புடைய மனிதர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். பார்சலோனாக் கழகத்தின் தலைவர் ஜோசப் சுன்யோல் இடதுசாரிக் கட்சியொன்றின் நாடாளுமன்ற உறுப்பினர். ஓகஸ்ட் மாதத்தில் குவாதர்ராமா மலைப் பகுதியில் தவறுதலாக எதிரியின் பகுதிக்குள் கார் போய்விட, பிராங்கோவின் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாட்ரிட் கழகத்தின் தலைவர் ராபயேல் சான்செஸ் குவேர்ரா குடியரசுவாதி. போரின் முடிவில் மாட்ரிட்டை விட்டு ஓட மறுத்தார். சிறை வைக்கப்பட்டார், பின் நாட்டை விட்டுத் தப்பினார், கடைசிக் காலத்தில் துறவியாகி மடத்தில் இறந்தார். மாட்ரிட்டுக்கு ஆடிய லூயிஸ் ரெகெய்ரோ பாஸ்க் மக்களின் அணியோடு வெளிநாடு போய் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டார். புழுதியில் பந்தை இழந்த எஸ்கோலா போரின் நடுவே பிரான்சுக்குப் போய் ஆடினார்.

ஒரே மைதானத்தில் ஒரே மாலையில் நின்றவர்கள். ஒரு வருடத்துக்குள் அவர்கள் எங்கெங்கோ. இதைப் போரைக் கண்ட வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு பழைய குழுப் புகைப்படத்தை எடுத்து, இவர் எங்கே, அவர் எங்கே என்று விரல் வைத்துக் கேட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

மொடெலோ சிறை

போர் வெடித்தபோது ஸமோரா மாட்ரிட்டில் இருந்தார். தலைநகர் குடியரசின் கையில் இருந்தது. ஆனால் தெருக்களில் ஆயுதம் தாங்கிய பல குழுக்கள் தங்கள் விருப்பப்படி கைது செய்தன, விசாரித்தன, கொன்றன. ஸமோரா எந்தக் கட்சியிலும் தலைவர் அல்ல. ஆனால் யா என்ற கத்தோலிக்க வலதுசாரி நாளேட்டில் அவர் எழுதி வந்தார். வசதியாக வாழ்ந்தவர். எதிரி என்ற முத்திரைக்கு அந்த நாட்களில் அவ்வளவே போதும்.

அவர் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்த அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் நிலையை இங்கே சொல்ல வேண்டும். ஏபிசி என்ற புகழ்பெற்ற நாளேட்டுக்கு மாட்ரிட்டிலும் செவில்லிலும் பதிப்புகள் இருந்தன. போர் தொடங்கியதும் மாட்ரிட் பதிப்பு குடியரசு ஆதரவாளர்களின் கைக்குப் போனது. செவில் பதிப்பு பிராங்கோவின் பக்கம் நின்றது. ஒரே பெயர், ஒரே எழுத்துரு. ஒன்றில் வீரன் என எழுதப்பட்டவன் மற்றதில் துரோகி. ஸமோராவின் மரணம் பற்றிய பொய்ச் செய்தி இத்தகைய ஒரு சூழலில் பிறந்தது. செய்தியைச் சரிபார்க்க எவரும் முன்னரங்கைக் கடந்து மாட்ரிட்டுக்குப் போக முடியாது. போகும் தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. உயிரோடிருக்கும் ஸமோராவைவிட இறந்த ஸமோரா அவர்களுக்குப் பயனுள்ளவராக இருந்தார்.

பொய்ச் செய்தி உண்மையாகும் ஆபத்தும் விரைவில் வந்தது. குடியரசு ஆயுதக் குழுவினர் அவரைக் கைது செய்து மாட்ரிட்டின் மொடெலோ சிறையில் அடைத்தார்கள். அந்தச் சிறையின் பெயரே அன்று பயத்தைக் கொடுத்தது. ஓகஸ்ட் 22ஆம் திகதி அங்கே தீப் பரவியதையடுத்து ஆயுதக் குழுவினர் உள்ளே புகுந்து முன்னாள் அமைச்சர்கள் உட்படப் பல கைதிகளைக் கொன்றிருந்தார்கள். நவம்பரில் பிராங்கோவின் படை மாட்ரிட்டின் வாசலுக்கு வந்தபோது, மொடெலோவிலிருந்தும் வேறு சிறைகளிலிருந்தும் கைதிகளைப் பட்டியல் வாசித்து பஸ்களில் ஏற்றினார்கள். வேறு சிறைக்கு மாற்றம் என்று சொல்லப்பட்டது. பலரை ஏற்றிய பஸ்கள் நகருக்கு வெளியே பாராகுவெல்லோஸ் என்ற இடத்தில் நின்றன. அங்கே குழிகள் தயாராக இருந்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த வாரங்களில் கொல்லப்பட்டதாகப் பல வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மொஞ்சின் திரியானா. 1932 வரை ஸமோராவோடு ஒரே கழகத்தில் இருந்த முன்கள ஆட்டக்காரர்.

ஸமோராவின் பெயர் அந்தப் பட்டியல்களில் வாசிக்கப்படவில்லை. ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

முதலாவது, உதைபந்தாட்டம். காவலுக்கு நின்றவர்களும் இளைஞர்கள். ஒரு மாதத்துக்கு முன் அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தவர்கள். அவர் அவர்களோடு பந்து விளையாடினார், பழைய ஆட்டங்களைப் பற்றிக் கதைத்தார். தன்னைக் காவல் காப்பவனுக்குத் தான் ஒரு மனிதன் என்று காட்ட அவரிடம் இருந்த ஒரே மொழி அது.

இரண்டாவது விளக்கம் ஒரு கவிஞர். பேத்ரோ லூயிஸ் டி கால்வெஸ் 1882இல் மாலகாவில் பிறந்தவர். மாட்ரிட்டின் கோப்பிக் கடைகளில் கடன் கேட்டும் பாட்டு விற்றும் திரிந்த ஏழைக் கவிஞர். முடியாட்சியை எதிர்த்துப் பேசிச் சிறை சென்றவர். போர் வந்ததும் இடுப்பில் துப்பாக்கியோடு ஆயுதக் குழுக்களின் பக்கம் நடமாடினார். அவரைக் கொலைகாரன் என்று சொன்னவர்கள் உண்டு. தங்களைச் சாவிலிருந்து மீட்டவர் என்று சொன்னவர்களும் உண்டு. மொடெலோ சிறைக்கு வந்த அவர் எல்லோருக்கும் முன்னால் ஸமோராவைக் கட்டியணைத்து, இவர் என் நண்பர், இவர் மீது எவரும் கை வைக்கக்கூடாது என்று அறிவித்ததாகக் கதை. நன்றிக்காக ஸமோரா தன் படமொன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தாராம். சிறை முற்றத்தில் உண்மையில் பேசப்பட்ட சொற்கள் எவையோ, ஸமோரா அங்கிருந்து உயிரோடு வெளியே வந்தார். அர்ஜென்டினாத் தூதரகம் தலையிட்டு அவரைத் தன் பாதுகாப்பில் எடுத்தது. பின்னர் அர்ஜென்டினாக் கப்பலொன்றில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நீஸ் நகரத்து நண்பர்கள்

பிரான்சின் தென்கரையில் நீஸ் நகரம். அங்கே அவருக்காகக் காத்திருந்தவர் பழைய நண்பர் சமித்தியர். அவரையும் பார்சலோனாவில் ஓர் ஆயுதக் குழு பிடித்து வைத்திருந்து விட்டிருந்தது. இருவரும் நீஸ் கழகத்துக்காக ஆடினார்கள். 35 வயதைக் கடந்த இரண்டு அகதிகள், ஒரு காலத்தில் ஸ்பெயினின் மிக விலையுயர்ந்த ஆட்டக்காரர்கள், பிரெஞ்சுக் கழகமொன்றில் மறுபடியும் சட்டை மாட்டினார்கள். ஊரில் அவரவர் வீடுகளுக்கு என்ன நடந்தது என்று தெரியாத காலம்.

1938 வரை ஸமோரா அங்கே இருந்தார். ஆண்டின் இறுதியில், போர் முடிய முன்னரே, பிராங்கோவின் கட்டுப்பாட்டில் இருந்த சான் செபஸ்தியான் நகருக்கு வந்து அந்தத் தரப்புப் படையினருக்கான நிதி சேர்க்கும் ஆட்டமொன்றில் கலந்துகொண்டார். இது பற்றி இரு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். அவர் மனத்தளவில் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பக்கம்தான் என்பது ஒன்று. ஊருக்குத் திரும்ப விரும்பிய ஒருவருக்கு வேறு வாசல் இருக்கவில்லை என்பது மற்றது. என் கணிப்பில் இரண்டிலும் உண்மை இருக்கிறது. அவரைச் சிறையில் அடைத்தவர்கள் குடியரசின் பெயரால் செய்தார்கள். மொடெலோவின் இரவுகளைக் கண்டவரிடம் அவர்களுக்காக அனுதாபத்தை எதிர்பார்க்க முடியாது.

வென்றவர்களின் நாட்டில்

1939 ஏப்ரலில் போர் முடிந்தது. பிராங்கோவின் சர்வாதிகாரம் 1975 வரை நீடித்தது. வென்றவர்களின் விமானப்படை அணியும் அத்லெட்டிக் மாட்ரிட் கழகமும் ஒன்றாக்கப்பட்டு அத்லெட்டிக் அவியாசியோன் என்ற கழகம் உருவானது. அதன் பயிற்றுவிப்பாளராக ஸமோரா நியமிக்கப்பட்டார். 1939-40, 1940-41 என இரு பருவங்களிலும் லீக் கிண்ணத்தை வென்றார். இன்றைய அத்லெட்டிக்கோ மாட்ரிட் கழகத்தின் முதல் இரண்டு லீக் வெற்றிகள் அவை.

முதலாவது லீக் கிண்ணத்தை அவர் வென்ற அதே 1940ஆம் ஆண்டில், அதே மாட்ரிட்டில், கவிஞர் கால்வெஸ் இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிர் காத்தவர்களின் கதைகள் அவரைக் காக்கவில்லை.

அதன் பின் ஸமோராவின் வாழ்க்கை பெரும்பாலும் அமைதியானது. செல்டா விகோ, மாலகா, எஸ்பான்யோல் எனப் பல கழகங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1952இல் சிறிது காலம் தேசிய அணிக்கும் பொறுப்பாக இருந்தார். மகனும் கோல் காப்பாளரானார். 1950களில் பிராங்கோவின் அரசு அவருக்குச் சிஸ்னெரோஸ் விருதின் பெருஞ்சிலுவையை அணிவித்தது. குடியரசு கொடுத்த விருதும் அந்தக் குடியரசை அழித்தவர்கள் கொடுத்த விருதும் ஒரே மனிதருக்குக் கிடைத்தன. இரு தரப்பும் தங்களுக்குரியவர் என்று உரிமை கோரிய அவர், மைதானத்தில் கோலைக் காத்ததைத் தவிர எந்தத் தரப்புக்கும் வேறொன்றும் செய்தவரல்ல.

1950களின் முடிவில் மார்கா என்ற விளையாட்டு நாளேடு அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. ஒவ்வொரு பருவத்திலும் ஆட்டத்துக்குச் சராசரியாக மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுக்கும் காப்பாளருக்கு ஸமோரா கிண்ணம். கோர்ட்வா, ஒப்லாக் போன்றவர்கள் அதை வென்ற செய்தி வரும்போது இன்றைய இளைஞர்கள் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சிறையும் ஒரு கப்பலும் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு கவிஞரும் இருப்பது கிண்ணத்தில் எழுதப்படவில்லை.

ரிக்கார்டோ ஸமோரா 1978 செப்டெம்பர் 8 அன்று பார்சலோனாவில் காலமானார். வயது 77. முதல் மரணச் செய்தி வந்து 42 ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்தச் செய்தி உண்மையானது.

எழுதப்படாத பக்கம்

அவர் இறப்பதற்கு ஓராண்டுக்கு முன், 1977 ஒக்டோபரில், ஸ்பெயினின் புதிய நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டமொன்றை நிறைவேற்றியது. போரிலும் சர்வாதிகாரத்திலும் நடந்தவற்றுக்கு எவரும் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை என்பதே அதன் விளைவு. சனநாயகத்துக்குத் திரும்ப அது தேவைப்பட்டது என்றார்கள். ஆனால் மறதி ஒரு பக்கத்துக்கே அதிகம் விதிக்கப்பட்டிருந்தது. பாராகுவெல்லோசில் கொல்லப்பட்டவர்களுக்குப் பிராங்கோவின் ஆட்சி கல்லறைத் தோட்டம் அமைத்தது, வெள்ளைச் சிலுவை நட்டது. பிராங்கோவின் தரப்புக் கொன்றவர்கள் வீதியோரப் பள்ளங்களிலும் மயான மதில்களின் அடியிலும் கிடந்தார்கள். பெயர் தெரியாத குழிகளில் கிடப்பவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணிக்கப்படுகிறது. 2000க்குப் பின்னர்தான், பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் முயற்சியால், குழிகள் ஒவ்வொன்றாகத் தோண்டப்பட்டன. அது தொடர்பான சட்டங்கள் 2007இலும் 2022இலும் வந்தன. வேலை இன்னும் முடியவில்லை.

ஸமோராவை வீரன் என்றோ சந்தர்ப்பவாதி என்றோ நான் எழுதப்போவதில்லை. துப்பாக்கிகளுக்கு நடுவே அகப்பட்ட ஒருவர் தனக்குத் தெரிந்த வேலையைக் கொண்டு உயிர் தப்பினார், பிறகு வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். அப்படித் தப்பி வாழ்ந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை, அந்த இடத்தில் நிற்காத எனக்கு இல்லை.

ஆனால் எழுதுபவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. போரில் தப்பிய ஒவ்வொரு பெயரின் பின்னாலும் தப்பாத பெயர்கள் இருக்கின்றன. ஸமோரா ஸ்பெயினுக்காக 46 ஆட்டங்களில் நின்றார், அவற்றின் கோல் கணக்கு முழுவதும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் ஏற்றப்பட்ட திரியானா, மலைப் பாதையில் சுடப்பட்ட சுன்யோல், சுவரின் முன் நிறுத்தப்பட்ட கால்வெஸ் ஆகியோரின் பெயர்களும் அந்தக் கணக்கோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியவை. ஒருவர் மற்றவரின் எதிரி என்று அந்த நாட்களில் சொல்லப்பட்டது. மூவரையும் அறிந்த ஒரு கோல் காப்பாளரின் கதையில் அவர்களை ஒரே பக்கத்தில் எழுத முடிகிறது.